செட்டிநாட்டு வீட்டில் ரீஃப் தொட்டி: தண்ணீர்க் கோளாறுகளை எந்த வரிசையில் சரிசெய்வது

உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிதான் ரீஃப் தொட்டி. அதில் பவளம் சுருங்கிக் கிடந்தால் புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் முதலில் பி.எச். பார்க்கிறார்கள். 7.9 என்று வரும். கடையில் கிடைக்கும் பி.எச். ஏற்றும் மருந்தை ஊற்றுவார்கள். சாயங்காலம் எண் ஏறும், காலையில் பழைய இடத்துக்கே வரும். மறுபடி ஊற்றுவார்கள். நாலு நாளில் காரத்தன்மை (தண்ணீரில் கரைந்த பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு) எங்கோ போயிருக்கும், பம்ப்பில் வெள்ளைப் படிவு ஏறியிருக்கும், பவளத்தின் அடிப்பகுதியில் தோல் உரிய ஆரம்பித்திருக்கும். ஆனால் முதல் நாள் கோளாறு விசிறிக் காற்றில் தண்ணீர் வற்றி உப்பு ஏறியதாகத்தான் இருந்திருக்கும்.

பார்க்க வேண்டிய வரிசை இது: வெப்பம், உப்பு, மெக்னீசியம், காரத்தன்மையும் கால்சியமும், பிறகு நைட்ரேட்–பாஸ்பேட், கடைசியில் பி.எச். மேலே உள்ளது தப்பாக இருந்தால் கீழே உள்ள எண்ணும் தப்பாகவே தெரியும். அதனால் இடையில் ஒன்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு. வெளி அளவில் சுமார் 190 லிட்டர் வரும். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மருந்துக் கணக்குக்கு இந்த 150தான் வேண்டும். 190 என்று போட்டால் ஒவ்வொரு முறையும் கால் பங்குக்கு மேல் கூடுதலாக ஊற்றுவீர்கள்.

எட்ட வேண்டிய அளவுகள்:

வெப்பம் 25–27 டிகிரி. உப்பு 35 பிபிடி (கிலோவுக்கு 35 கிராம்), அதாவது ஒப்படர்த்தி 1.026. மெக்னீசியம் 1250–1350 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம்). காரத்தன்மை 7.5–9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). கால்சியம் 400–450 பிபிஎம். நைட்ரேட் 2–10, பாஸ்பேட் 0.03–0.1 பிபிஎம். பி.எச். 7.8 முதல் 8.4 வரை எதுவானாலும் சரி.

1. கைவைக்கும் முன் வாங்கி வைக்க வேண்டியவை

உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், காரத்தன்மை, கால்சியம், மெக்னீசியம், நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றுக்கு டெஸ்ட் கிட், தண்ணீரில் கரைந்த பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர், 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஊசி இல்லாத சிரிஞ்சுகள், மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் டிரம்.

தராசு இல்லாமல் ஸ்பூன் கணக்கில் போடுவது வேண்டாம். கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் கட்டியாகும், அப்போது ஒரு ஸ்பூனில் பாதி வெறும் தண்ணீர். எடையும் பொய்யாகிவிடும். பொட்டலத்தைப் பிரித்த அன்றே முழுவதையும் கரைசலாக்கி பாட்டிலில் வைத்துவிடுங்கள்.

டிரம் இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். ஒன்றில் வெறும் சுத்தத் தண்ணீர், மற்றதில் உப்புத் தண்ணீர். ஒரே நிறத்தில் வாங்கி எழுதி ஒட்டினால் ஈரத்தில் காகிதம் உரிந்துவிடும். வற்றிய இடத்துக்கு உப்புத் தண்ணீரை ஊற்றுவதுதான் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது

பாதிக் கோளாறு இங்கேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போர் தண்ணீர்: கடினத்தன்மை, நைட்ரேட், சிலிக்கா மூன்றும் இருக்கலாம். டிடிஎஸ் 1200 என்றால், 97 சதவீதம் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வு தாண்டி 36 வரும். அது குடிக்கப் போதும், தொட்டிக்கு ஆகாது. ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சமுள்ள அயனிகளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று வேண்டும். கடைசியில் மீட்டர் 0 காட்ட வேண்டும்.

குடிக்கிற ஆர்.ஓ. இயந்திரமும் கேன் தண்ணீரும்: ருசிக்காக இவற்றில் கொஞ்சம் தாது சேர்க்கிறார்கள், அல்லது மூலத் தண்ணீரைச் சிறிது கலந்து விடுகிறார்கள். இயந்திரத்தில் அந்தக் கலப்புத் திருகை மூடிவிட்டு, வெளியே வரும் தண்ணீரை டி.ஐ. குழாய் வழியாக விட்டால் பயன்படும். அப்படியே ஊற்றினால் ஆகாது. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீருக்கும் இதே பதில்தான். நாக்குக்கு நல்ல தண்ணீர் என்பது தொட்டிக்கு நல்ல தண்ணீர் என்று ஆகாது.

மழைத் தண்ணீர்: நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தில் வந்து விழும் வீடுகளில் இந்த ஆசை வரும். ஓட்டில் புறா எச்சமும் தூசியும் இருக்கின்றன, அதில் பாஸ்பேட் உண்டு. அதைவிடக் கெடுதல், பிடித்து வைக்கும் பாத்திரம். பித்தளை அண்டாவிலும் செப்புத் தவலையிலும் நின்ற தண்ணீரில் செம்பு இறங்கும். இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் செம்பு நஞ்சு. மழைத் தண்ணீரை பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து ஆர்.ஓ., டி.ஐ. வழியாக விட்டால் அருமையான மூலம். டிடிஎஸ் குறைவாக இருப்பதால் ரெசின் பல மடங்கு நாள் உழைக்கும்.

தொண்டிக் கடல் தண்ணீர்: வண்டி போட்டுப் போய்க் கொண்டுவருபவர்கள் உண்டு. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, கரையோரம் சேறு கலங்கியிருக்கும், வடகிழக்குப் பருவமழையில் உப்பு இறங்கிவிடும். படகு டீசலும் உண்டு. வேண்டாம். கையோடு பவளக் கல்லையும் எடுத்து வரலாம் என்ற நினைப்பும் வேண்டாம். கல்பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள்.

ஆர்.ஓ. வேலை செய்ய அழுத்தம் வேண்டும். மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் 1 பார்தான் கிடைக்கும். சவ்வுக்கு 4 பார் வேண்டும். 24 வோல்ட் பூஸ்டர் பம்ப் இல்லாமல் ஓட்டினால் கழிவுதான் கொட்டும், வருகிற கொஞ்சமும் சுத்தமாக இருக்காது. சித்திரை, வைகாசியில் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அந்தச் சூட்டில் சவ்வு வழியாக உப்பு கூடுதலாகக் கசியும். விடியற்காலையில் ஓட்டுங்கள்.

ரெசின் தீரும் கட்டத்தில் முதலில் நழுவுவது சிலிக்கா. அப்போதும் டிடிஎஸ் மீட்டர் 0 என்றே காட்டும். கண்ணாடியில் பழுப்புப் பொடி மறுபடி மறுபடி படிந்தால் மீட்டரை நம்பாமல் ரெசினை மாற்றுங்கள்.

3. அளக்கும் கருவியைச் சோதியுங்கள்

எண் தப்பாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிட்டைத்தான். இரண்டாம் முறை அளக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

ரிஃப்ராக்டோமீட்டரை சுத்தத் தண்ணீர் வைத்து 0-வுக்குத் திருகினால் போதும் என்கிறார்கள். போதாது. மலிவானவற்றில் 0 சரியாக இருந்தும் 35-இல் இரண்டு புள்ளி தள்ளியிருக்கும். 35-க்கான ஒப்பீட்டுத் திரவம் வாங்குங்கள், அல்லது செய்துகொள்ளுங்கள்: 36.5 கிராம் சமையல் உப்பு, 963.5 கிராம் டி.ஐ. தண்ணீர். கரைந்ததும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதற்குத் திருகுங்கள். பாட்டிலை இறுக்க மூடி வையுங்கள், வற்றினால் அதுவும் பொய் சொல்லும்.

கிட்டுகளின் திரவங்களை ஜன்னலோரமும் தொட்டி விளக்குக்கு மேலேயும் வைக்காதீர்கள். 38 டிகிரி அறையில் ஒரு கோடை கிடந்த கிட் தேதி முடியாமலேயே கெட்டுப்போகும். தடிச் சுவர் உள்ள உள் அறை அலமாரி நல்ல இடம்.

சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் காரத்தன்மை அரைப் புள்ளி வரை மாறும். நுனியைக் கீழே வைத்து உறிஞ்சி, பிறகு நுனியை மேலே திருப்பித் தட்டி, காற்றை வெளியேற்றி, மறுபடி கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். விளக்கு எரியும்போது பவளம் காரத்தன்மையை வேகமாக இழுக்கும், காலை எண்ணையும் இரவு எண்ணையும் ஒப்பிட்டால் இல்லாத கோளாறு தெரியும்.

4. வெப்பம், பிறகு உப்பு

தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் இரண்டு சிக்கல். தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரி கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் நிற்கும், 30 டிகிரியில் 6.2தான். அதே நேரம் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை கூடும்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் முன் விசிறி வைத்துப் பாருங்கள். தண்ணீர்ப் பரப்பில் காற்று அடித்தால் 2 முதல் 3 டிகிரி இறங்கும். நம் பக்கத்து வறண்ட கோடையில் இது நன்றாக வேலை செய்யும், மழைக்காலப் புழுக்கத்தில் குறையும். ஆனால் இந்தக் குளிர்ச்சி தண்ணீர் ஆவியாவதால் வருவது. கோடையில் நாளுக்கு 3 முதல் 5 லிட்டர் போகும்.

150 லிட்டரில் 5 லிட்டர் போனால் 35 என்பது 36.2 ஆகும். இரண்டு நாள் கவனிக்காவிட்டால் 37.5. உப்பு ஆவியாகாது, அதனால் வற்றியதற்கு ஈடாக வெறும் டி.ஐ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் கோடு வரை நிரப்புங்கள். வற்றியதைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் வைத்தால் அதன் வாளி 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் சிக்கி முழு வாளியும் இறங்கினாலும் உப்பு 32.8-இல் நிற்கும், எல்லாம் பிழைக்கும். 50 லிட்டர் டிரம்மை இணைத்திருந்தால் 26-க்கு இறங்கிவிடும்.

உப்பைச் சரிசெய்யாமல் கீழே போகக் கூடாது என்பதற்குக் காரணம் இது. உப்பு 31-ஆக இருந்தால், 420 இருக்க வேண்டிய கால்சியம் 372 என்று வரும். மெக்னீசியமும் காரத்தன்மையும் அதே விகிதத்தில் இறங்கியிருக்கும். மூன்றும் சேர்ந்து குறைந்திருந்தால் மூன்று மருந்து வாங்காதீர்கள், உப்பை மறுபடி அளந்து பாருங்கள்.

திருத்தும் வேகம்: நாளுக்கு 1 பிபிடிக்கு மேல் வேண்டாம். கூட்ட வேண்டுமென்றால் வற்றியதற்கு ஈடாக சில நாள் 35 பிபிடி உப்புத் தண்ணீரே ஊற்றுங்கள். குறைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு டி.ஐ. தண்ணீர் விடுங்கள். உப்புத்தூளை நேராகத் தொட்டியில் போடவே கூடாது. பவளத்தின் மேல் விழுந்த உப்புக் கல் அந்த இடத்தைச் சுடும்.

புது உப்புத் தண்ணீர் கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, பவர்ஹெட் (நீரோட்டம் தரும் சின்ன பம்ப்) ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் அடர்த்தி கூடி, கால்சியமும் காரத்தன்மையும் சுண்ணக்கல்லாக வீழ்ந்துவிடும். டிரம்மின் அடியில் வெள்ளைச் சேறு கிடந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இந்த வேலையைச் செய்தால் கீழே ஒரு தட்டு வையுங்கள், உப்புத் தண்ணீர் காய்ந்த தடம் லேசில் போகாது.

5. மெக்னீசியம்

இதைக் காரத்தன்மைக்கு முன் பார்க்கக் காரணம், கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலேயே ஒன்றுசேர்ந்து வீழ்ந்துவிடாமல் தடுப்பது மெக்னீசியம்தான். 1200-க்குக் கீழே போனால் நீங்கள் ஊற்றும் கால்சியமும், காரத்தன்மைக்குப் போடும் சோடாவும் பவளத்துக்குப் போகாமல் ஹீட்டரிலும் பம்ப்பிலும் கல்லாகும். ‘எவ்வளவு ஊற்றினாலும் ஏறவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலும் இதுதான்.

100 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற, மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 8.4 கிராம் வேண்டும். 150 லிட்டரில் 1180-ஐ 1300-க்குக் கொண்டுவர 150 கிராம். மூன்று பங்காக்கி, நாளுக்கு 50 கிராம், அரை லிட்டர் டி.ஐ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக விடுங்கள். மருந்துக்கடை எப்சம் உப்பு ஒருமுறை அவசரத்துக்குப் பரவாயில்லை. தொடர்ந்து போட்டால் சல்பேட் சேரும்.

6. காரத்தன்மையும் கால்சியமும்

இங்கே மெதுவாகப் போங்கள். பவளத்தைக் கொல்வது பெரும்பாலும் காரத்தன்மையின் ஏற்ற இறக்கம்தான். 7.5-இல் நிலையாக இருந்தால் பவளம் வளரும். 7-க்கும் 10-க்கும் வாரம் ஒருமுறை ஊசலாடினால் நுனி வெளுக்கும்.

அவசரத் திருத்தம்: 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற சோடியம் பைகார்பனேட் 3 கிராம். 150 லிட்டர் தொட்டியில் 6.2-ஐ 8-க்குக் கொண்டுவர 8 கிராம். அதை இரண்டு நாளில் 4, 4 கிராமாகப் போடுங்கள். நாளுக்கு 1 டிகேஎச் என்பது மேல் வரம்பு. கால்சியத்துக்கு, 100 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 3.7 கிராம். 150 லிட்டரில் 360-ஐ 420 ஆக்க 33 கிராம், இதையும் இரண்டு நாளில்.

மளிகைக் கடையில் ஆப்ப சோடா என்று கேட்டால் கிடைப்பது பைகார்பனேட், அது சரி. பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் உண்டு. வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் பழ உப்பில் சிட்ரிக் அமிலம் உண்டு. துணி சோடாவில் என்னென்ன கலந்திருக்கும் என்று பாக்கெட் சொல்லாது. மூன்றையும் தொடாதீர்கள்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால் கண்ணெதிரே தண்ணீர் பாலாக வெளுக்கும். காலையில் சோடா, இரவில் கால்சியம் என்று பிரித்து வையுங்கள்.

அன்றாடத் தேவை: திருத்தம் முடிந்ததும், தொட்டி நாளுக்கு எவ்வளவு சாப்பிடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று நாள் எதுவும் ஊற்றாமல், தண்ணீரும் மாற்றாமல் விடுங்கள். முதல் நாள் இரவு 8 மணிக்கு 8.4, மூன்று நாள் கழித்து அதே நேரம் 7.2 என்றால் நாளுக்கு 0.4 டிகேஎச்.

இரண்டு பாட்டில் கரைசல் செய்யுங்கள். முதலாவதில் 80 கிராம் சோடியம் பைகார்பனேட், இரண்டாவதில் 70 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இரண்டையும் தனித்தனியாக டி.ஐ. தண்ணீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். கால்சியம் குளோரைடு கரையும்போது சூடாகும், ஆறியபின் மூடுங்கள். இந்த அளவில் இரண்டும் சமமாக நிற்கும், அதனால் ஒரே மில்லிலிட்டர் ஊற்றினால் போதும். 150 லிட்டரில் 56 மில்லி ஊற்றினால் 1 டிகேஎச் ஏறும். நாளுக்கு 0.4 என்றால் 22 மில்லி, இரண்டிலிருந்தும்.

பவளம் 2.8 டிகேஎச் எடுக்கும்போது கூடவே 20 பிபிஎம் கால்சியம்தான் எடுக்கிறது. காரத்தன்மை மூன்று நாளில் விழுவது தெரியும், கால்சியம் விழுவது கிட்டின் பிழைக்குள் மறைந்துபோகும். அதனால் காரத்தன்மையை வாரம் இரண்டு முறையும் கால்சியத்தை மாதம் இரண்டு முறையும் பார்த்தால் போதும்.

இந்தக் கரைசல்களால் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடியம் குளோரைடு சேரும். மாதம் ஒருமுறை உப்பை அளந்து சரிசெய்யுங்கள்.

காரத்தன்மை 11, 12 என்று ஏறிவிட்டால் ஊற்றுவதை நிறுத்துங்கள், அவ்வளவுதான். பவளமே இறக்கிவிடும். வினிகரோ அமிலமோ விட்டு இறக்கப் போனால் அதுதான் அடுத்த விபத்து. தண்ணீர் மாற்றும்போதும் கவனம் வேண்டும். உங்கள் உப்பு 11 டிகேஎச் தருகிறது, தொட்டி 8-இல் இருக்கிறது என்றால் கால் பங்கு மாற்றியதும் முக்கால் புள்ளி ஒரே அடியில் ஏறும். வாரம் 10 சதவீதமே நல்லது.

7. சுண்ணாம்பு நீர் போடுபவர்களுக்கு

கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த நீர் கால்சியம், காரத்தன்மை இரண்டையும் சேர்த்துத் தரும், பி.எச்.சையும் தூக்கும். விலையும் மலிவு. ஆனால் குளிர்நாட்டு வழிகாட்டிகளில் ‘வற்றும் தண்ணீர் முழுவதையும் தெளிந்த சுண்ணாம்பு நீரால் நிரப்புங்கள்’ என்று இருப்பதை இங்கே அப்படியே செய்தால் தொட்டி போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். நிறைவுற்ற சுண்ணாம்பு நீரில் லிட்டருக்கு சுமார் ஒன்றரை கிராம் கரைந்திருக்கும். நம் கோடையில் நாளுக்கு 4 லிட்டர் வற்றுகிறது. 4 லிட்டரையும் அந்த நீரால் நிரப்பினால் 150 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 3 டிகேஎச் ஏறும். தேவை 0.4தான்.

அதனால் தேவையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 0.4 டிகேஎச்சுக்கு 0.8 கிராம் போதும். அதை அன்றைய 4 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 0.2 கிராம். மழைக்காலத்தில் வற்றுவது ஒன்றரை லிட்டராகக் குறைந்தால், அதே 0.8 கிராமை அதில் கரையுங்கள். வாளியின் அடர்த்தியை மாற்றாமல் விட்டால் மழைக்காலத்தில் பவளத்துக்குப் பட்டினி.

இரவில், சொட்டுச் சொட்டாக விடுங்கள். அடியில் தங்கிய வண்டலைக் கலக்கி ஊற்றாதீர்கள். வாளியை மூடி வையுங்கள், திறந்திருந்தால் மேலே ஏடு கட்டும். அது காற்றின் கரியமிலவாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாகிப் போன சுண்ணாம்பு, பயன் இல்லை. கண்ணில் தெறித்தால் புண்ணாகும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பும் சுவருக்குப் பூசும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் இதே பொருள்தானே என்று கேட்பார்கள். மூலப்பொருள் அதுதான், தூய்மைதான் கிடையாது. ஆய்வகத் தரம் அல்லது உணவுத் தரம் என்று அச்சிட்ட பாக்கெட் வாங்குங்கள்.

8. நைட்ரேட், பாஸ்பேட்

இரண்டும் பூஜ்யம் என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். பூஜ்யத்தில்தான் குமிழி கோத்த பழுப்பு நிறச் சளியாக டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் எனும் நுண்ணுயிர்) பரவும், பவளம் வெளிறும். தீனியைக் கூட்டுங்கள், ஸ்கிம்மரை (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் கருவி) சில மணி நேரம் நிறுத்துங்கள். நைட்ரேட் மட்டும் வேண்டுமென்றால் சோடியம் நைட்ரேட் 0.2 கிராம் 150 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்றும்.

அதிகமாக இருந்தால் முதலில் அவை வரும் வழியை அடைத்துவிடுங்கள். உறைந்த தீனியை வடிகட்டியில் உருக்கி, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். பஞ்சு வடிகட்டியை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதன் பிறகும் பாஸ்பேட் 0.3 என்று நின்றால் ஜிஎஃப்ஓ எனும் இரும்பு ஆக்சைடு குருணை. பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கில் ஆரம்பியுங்கள். பாஸ்பேட் ஒரே வாரத்தில் சரிந்தால் எஸ்பிஎஸ் (சிறு பாலிப் கல்பவள) வகைப் பவளம் தாங்காது. சில நாளில் எண் மறுபடி ஏறினால் குருணை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், கல்லுக்குள் ஊறியிருந்த பாஸ்பேட் வெளியே வருகிறது.

பாஸ்பரஸை பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் காட்டும் மீட்டர் வைத்திருந்தால் வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 20 என்று காட்டினால் பாஸ்பேட் 0.06 பிபிஎம். பெருக்காமல் 20-ஐ 0.02 என்று படித்து, குறைவு என்று தீனியைக் கூட்டுபவர்கள் நிறைய.

9. பி.எச்.

மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்து பி.எச். மட்டும் 7.8-க்குக் கீழே இருந்தால், காரணம் பெரும்பாலும் அறைக் காற்றில் உள்ள கரியமிலவாயு. சோதிக்க வழி எளிது. இரண்டு டம்ளர் தொட்டித் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் தொட்டி இருக்கும் அறையிலேயே ஏர் பம்ப் கல்லை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். மற்றதை முற்றத்தில், வெட்டவெளிக் காற்றில் அதேபோல் ஓடவிடுங்கள். முற்றத்து டம்ளரில் மட்டும் பி.எச். ஏறினால் குற்றவாளி அறைக்காற்று. இரண்டிலும் ஏறினால் தொட்டிக்குக் காற்றோட்டம் போதவில்லை, பவர்ஹெட்டை மேல்பரப்பு நோக்கித் திருப்புங்கள்.

ஏ.சி. போட்டு அடைத்த படுக்கையறையில் இது கண்டிப்பாக வரும். நம் வீடுகளில் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுப் பத்தியில் தொட்டி வைத்தால் பி.எச். தானாகவே சரியாக நிற்கும், ஆனால் வெயில் நேராக விழாத தூண் பக்கம் பார்த்து வையுங்கள், வற்றுவதும் கூடும். தொட்டியை நகர்த்த முடியாதென்றால் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை மட்டும் நீட்டி முற்றத்துக்கோ ஜன்னலுக்கு வெளியிலோ விடுங்கள்.

பி.எச். மீட்டரைக் காலையில் விளக்கு போடும் முன் ஒருமுறை, இரவு அணைக்கும் முன் ஒருமுறை பாருங்கள். 0.3 வரை வித்தியாசம் இயல்பு.

10. எண்கள் எல்லாம் சரி, இறால் மட்டும் சாகிறது

அப்போது நஞ்சைத் தேடுங்கள். செம்பு: பித்தளைக் குழாய், பித்தளைப் பாத்திரம், துருப்பிடித்த காந்தம், மீன் நோய்க்குப் போட்ட மருந்து. துத்தநாகம்: தகர வாளி. பூச்சிமருந்து: கொசுவத்திச் சுருள், சுவரில் செருகும் கொசு மருந்து. இவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை இறாலுக்கும் நண்டுக்கும் கடும் நஞ்சு, ஸ்கிம்மர் அதைக் காற்றோடு இழுத்து நேரே தண்ணீரில் கலக்கும். சாம்பிராணிப் புகை போடும் வெள்ளிக்கிழமை ஸ்கிம்மரை அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள்.

மூலத்தை நீக்கியபின், 25 சதவீதத் தண்ணீரை மாற்றி, புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு 25. வீட்டுச் செம்பு கிட் குறைந்த அளவைக் காட்டாது, அதில் 0 வந்தால் செம்பே இல்லை என்று பொருளில்லை.

11. மின்சாரம் போனால், ஊருக்குப் போனால்

மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன். வீட்டு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) மட்டும் இணையுங்கள், 10–20 வாட்தான். விளக்கு, ஸ்கிம்மர், மேலேற்றும் பம்ப் வேண்டாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரி ஏர் பம்ப். அன்று தீனி போடாதீர்கள். சம்ப்பிலிருந்து (கீழே வைக்கும் துணைத் தொட்டி) மேலே ஏறும் குழாயில் காற்றுத் துளை இருக்கிறதா என்று முன்கூட்டியே பம்ப்பை அணைத்துப் பாருங்கள். இல்லையென்றால் தொட்டித் தண்ணீர் சம்ப்பில் வழிந்து தரையில் நிற்கும், மின்சாரம் வந்ததும் வற்றிய இடத்தை ஆட்டோ டாப்-அப் வெறும் தண்ணீரால் நிரப்பிவிடும்.

வெளியூர் போகும்போது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: சுத்தத் தண்ணீர் உள்ள டிரம்மிலிருந்து கோடு வரை நிரப்புவது. உப்பு டிரம்மை வேறு அறையில் பூட்டிவிடுங்கள். தீனியை நாள்வாரியாகச் சின்னப் பொட்டலம் கட்டி வையுங்கள், டப்பாவோடு கொடுத்தால் பாசத்தில் அள்ளிப் போடுவார்கள். கரைசல் ஊற்றும் வேலையை அவரிடம் விடாதீர்கள். கரைசலைத் தானாக அளந்து ஊற்றும் டோஸிங் பம்ப் இருந்தால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டுக் காரத்தன்மை நிலையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பம்ப் இல்லாமல் ஒரு வாரம் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் நாளுக்கு அரைப் புள்ளியாக ஏற்றி 9-இல் விட்டுப் போங்கள். நாளுக்கு 0.4 கணக்கில் திரும்பி வரும்போது 6.2 இருக்கும். மெதுவாக இறங்கியதென்பதால் பவளம் தாங்கும், வந்தவுடன் ஒரே நாளில் பழைய எண்ணுக்குத் தூக்காமல் நாலு நாள் எடுத்து ஏற்றுங்கள்.